பதினோரு நாள்

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் டிசம்பர் 22ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

போனில் பேசக் கூடாதா என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். கூடாது. அப்பா போன செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. "கெளம்பி வா" என்றாய். கிடைத்த முதல் வண்டியில் ஏறினேன். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றால், காலை ஏழு மணிக்கே எடுத்துவிட்டதாக மாப்பிள்ளை சொல்கிறார். "வெயில் காலம் மச்சான், ஒடம்பு தாங்காது" என்று காரணம் வேறு. பதினோரு மணி நேரம். இரண்டு ஐஸ் பாளம் வாங்கிப் போட அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று முடிவு செய்ததுதான். எதுவானாலும் எழுது. எழுத்தில் வருவதற்குப் பதில் சொல்வேன்.

லேபில் மாற்றமில்லை. என்னிடம் பைப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்டவன் இப்போது எனக்குத் தலைமை. என் மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தி, ரத்தத்தில் உப்பு அளக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போட்டிருக்கிறான். ஒரு நாளைக்கு இருநூறு குழாய் வருகிறது. யாருடைய ரத்தம் என்று தெரியாது. எண் மட்டும் தெரியும். எனக்கு அதுவே போதும்.

அம்மா பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? அது சிறுநீர் கூடுதலாகப் பிரிக்கிற மாத்திரை. அலுத்துக்கொள்வாள். நிறுத்தவிடாதே.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தனியாக இருப்பவர்கள் டீயிலேயே காலம் தள்ளுவார்கள் என்று அம்மா புலம்புகிறாள்.

அம்மா மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாள். அவள் கஷ்டம் வேறு. வயிறு போகவே மாட்டேன் என்கிறது. நாலு நாள், ஐந்து நாள் என்று இழுக்கிறது. அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு வருகிற ஒருவர், டயர் கடை மாடியில் இருக்கிற வைத்தியரைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் அவரைத் தண்ணீர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மருந்தே கிடையாது, தண்ணீர்தான். மூன்று அறை, சுவர் முழுக்கக் கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு எனிமா கேன். வெள்ளைக் கேன், சிவப்பு ரப்பர் குழாய். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு கேன் ஏற்றுகிறார்கள். முதல் நாளே அம்மாவுக்கு வயிறு லேசாகிவிட்டது. வெளியே வந்ததும், "செடிக்குக்கூட யாரும் இவ்வளவு தண்ணி ஊத்த மாட்டாங்கடி. நாளைக்கு மொட்டு விடப் போறேன் பாரு" என்றாள். காத்திருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ படித்தவன். தொடரலாமா? இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
தங்கை

*

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பதில் இன்னும் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

வயிறு லேசானால் மட்டும் போதாது, குடலில் வருஷக்கணக்காக ஒட்டியிருக்கிற விஷம் இறங்க வேண்டும் என்று தண்ணீர் ஐயா சொல்லிவிட்டார். ஒரு கேன் மூன்றாகி, போன வாரத்திலிருந்து ஐந்தாகிவிட்டது. ஒரு கேனுக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும். பாதி வெளியே வருகிறது, மீதி வருவதில்லை. அது உள்ளே வேலை செய்கிறது என்கிறார். உப்பு விஷத்தைப் பிடித்து வைக்குமாம். அதனால் தண்ணீரிலும் உப்பில்லை, சாப்பாட்டிலும் உப்பில்லை. நடுவில் குடிக்க வேறு இரண்டு சொம்பு. அவளை மாடி ஏற்றி இறக்க முடியவில்லை என்று ஒரு கேனை வாங்கிக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டோம். நான்தான் செய்கிறேன்.

இரண்டு நாளாக அம்மாவுக்குத் தலை பிளக்கிறது. வாந்தி. நேற்று என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்று காலையில் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டாள். விஷம் வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், நிறுத்தினால்தான் ஆபத்து என்கிறார் தண்ணீர் ஐயா. நாளையிலிருந்து ஆறு.

போன் செய்யலாமா என்று நினைத்தேன். நீ வேண்டாம் என்றிருக்கிறாய். அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இது சரிதானா, நிறுத்தவா? ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கை

*

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் அங்கே ஓரளவு தேறியிருப்பீர்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரமாகிறது. அன்றைக்கு வந்த கூட்டத்தில் உன்னிடம் ஒழுங்காகப் பேச முடியவில்லை. இந்தத் தடவை எனக்காகக் காத்திருந்தீர்கள். ஐஸ் பெட்டி, அதற்குள் பூ, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைக்க ஒரு துண்டு. எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "பாருங்க மச்சான், நிறுத்தி நிதானமாப் பாருங்க" என்றார். பார்த்தேன். நன்றி.

உன் பிப்ரவரிக் கடிதத்தை ஊரிலிருந்து திரும்பிய பிறகுதான் படித்தேன். படித்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. டயர் கடை மாடியில் இருப்பவன் வைத்தியம் படித்தவனா என்று கேட்கிற அளவுக்குக்கூட அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு யோசனை போகவில்லை. ஜெராக்ஸ் எடுப்பவர் அதற்கு மேல் என்ன யோசிப்பார். அசலைப் பார்க்கிற பழக்கம் இருக்காது.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எனக்கு அனுப்ப முடியுமா? கூடு வேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணாடியைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு காது ஆடும், நூல் சுற்றியிருக்கிறேன்.

அவரைப் பற்றி நீ எழுதியது அவருக்குத் தெரியாது. நான் காட்டவில்லை. அம்மாவுக்கு வலிப்பு வந்த அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடியவர் அவர்தான். ஆட்டோ கிடைக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் ஐயா துக்கம் கேட்க வந்திருந்தார். அம்மாவின் உடம்பில் இருந்தது பழைய விஷம், நாம் பத்து வருஷம் தாமதமாக ஆரம்பித்துவிட்டோம் என்றார். அவர் சொல்வதும் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் எண்ணாக இருக்கிறது. அங்கிருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தண்ணி எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் காகிதத்தை வாங்கி மடித்தேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அதில் என்ன எழுதியிருக்கிறது? உனக்குத் தெரியும்.

தங்கை

*

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கண்ணாடி வந்தது.

காகிதத்தைப் பார்த்தேன். மேலிருந்து நாலாவது வரி, சோடியம். ரத்தத்தில் இருக்கிற உப்பு. அது நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. அம்மாவுடையது நூற்றாறு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த எண்ணை நான் ஆறு ஏழு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தால் குழாயை வைத்துவிட்டு வார்டுக்கு ஓடுவோம்.

குடல் வெறும் குழாய் இல்லை. உள்ளே விட்ட தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உப்பில்லாத தண்ணீர் லிட்டர் கணக்கில் ஏறினால் ரத்தம் நீர்த்துப்போகும். அந்தத் தண்ணீர் மூளைக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் போவது, பிறகு வலிப்பு. அவளுக்கு வயது எழுபத்தொன்று. சிறுநீர் பிரிக்கிற மாத்திரை வேறு உப்பை இழுத்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டிலும் உப்பை நிறுத்திவிட்டீர்கள். வெளியேறியது விஷம் இல்லை, உப்பு.

அந்த டயர் கடை மாடிக்கு நீங்கள் இருவரும் இனிமேல் படியேறக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல். காது கேட்டால்.

அண்ணன்

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அங்கே வெயில் எப்படி?

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நன்றாக விளக்கியிருக்கிறாய். சின்ன வயசில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது. தப்புப் போட்டால் பென்சிலால் மண்டையில் தட்டுவாய்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. தண்ணீரால்தான் என்றால், ஐந்து கேன், உப்பில்லை, வாந்தி, ஆள் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் நான் உனக்கு எழுதினேனே. இருமல் மருந்து ஒரு ஸ்பூன் கூடிவிட்டது என்று அம்மாவை ஒரு நாள் முழுக்கத் திட்டியவன் நீ. தப்பென்றால் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். பதில் வராததால் சரி என்றுதான் நினைத்தேன். ஆறாவது கேனை மாட்டும்போது அவரிடம்கூடச் சொன்னேன், "அண்ணனுக்கு எழுதியாச்சு. ஆபத்துன்னா இந்நேரம் வந்து குதிச்சிருக்கும்."

அதனால் அது வயசுதான். தண்ணீர் இல்லை.

எனக்கும் கொஞ்ச நாளாக வயிறு கனமாக இருக்கிறது. அந்தக் கேன் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இரண்டு கேன் எடுத்துக்கொள்கிறேன். வெறும் தண்ணீர்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீயே பார், ஒன்றும் ஆகவில்லை.

தங்கை

*

மே 10

தங்கைக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தக் கேனை எடுத்துக் குப்பையில் போடு.

இரண்டு கேனில் ஒன்றும் ஆகாமல் போகலாம். மூன்றில் ஆகும். அல்லது சூடு கூடிய ஒரே கேனில் குடல் வெந்துபோகும். அல்லது குழாய் முனை குத்தி உள்ளே ரத்தம் வரும். லேபில் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. வயிறு கனத்தால் படித்த டாக்டரிடம் போ.

பதில் வரவில்லை என்பதை வைத்து நீ என்னென்னவோ கட்டியிருக்கிறாய். தபால் தாமதம். உன் பிப்ரவரிக் கடிதம் என் கண்ணில் பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை முன்பே எழுதிவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்காதே. அந்த வீட்டில் நடந்ததற்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்தான் பொறுப்பு.

அண்ணன்

*

மே 24

அண்ணாவுக்கு,

சுகம். நீ சுகமா. சுகம்.

தபால்காரர் பாவம். அவர் மேல் பழியைப் போடாதே. பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வரும், மறந்துவிட்டாயா? தையல் மிஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தேன். இதோ இருக்கிறது. பிப்ரவரி ஏழு. உன் கையெழுத்து. கடைசிக் கோட்டை மேலே இழுத்து ஒரு புள்ளி வைப்பாயே, அந்தப் புள்ளியும் இருக்கிறது.

அம்மாவுக்கு வலிப்பு வந்தது பத்தாம் தேதி. போனது பன்னிரண்டு. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று நாள். கடிதம் உன் கையில் இருந்திருக்கிறது. நீ படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாய். அம்மா சாகட்டும் என்று நீ சும்மா இருக்க மாட்டாய். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அது மட்டும் மாட்டாய். அப்படியென்றால் தண்ணீரில் தப்பில்லை. தண்ணீரில் தப்பில்லை என்றால் என் கையிலும் தப்பில்லை. சரியாக வருகிறதா கணக்கு?

இப்போது நாலு கேன். தலைவலிதான் விடவில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்து வரவேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்துவிட்டேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போடணும்னா கையை உசத்திக்கிட்டே பரீட்சை எழுதணும்" என்றார். சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. சட்டை என்ன நிறம் என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

சுகம். நீ சுகமா.

*

மே 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். உறையில் என் முகவரியை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை எழுதியிருந்தாய். ஆறாம் வகுப்பிலிருந்தே உன் கையெழுத்து எனக்குத் தெரியும். அப்படி எழுதுகிறவள் நீ இல்லை.

உடனே போன் செய்தேன். நீதான் எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் "எழுது. எழுதுன்னுதானே சொன்ன?" என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு மாப்பிள்ளையின் கடைக்கு அடித்தேன். அப்பா போன பிறகு நானாக அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. உன்னைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய் சோடியம் பார்க்கச் சொன்னேன். "ஒரு மாசமா நிறுத்துடின்னு கெஞ்சுறேன் மச்சான். கேனை ரெண்டு தடவை ஒளிச்சும் வெச்சேன். அம்மாவுக்கு ஊத்துனப்ப அண்ணனே தப்புன்னு சொல்லலை, நீங்க யாரு சொல்றதுக்குன்னு கேக்குறா" என்றார். பிறகு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். அந்த வார்த்தையைத்தான் எழுதுகிறேன். மதிய வண்டி நடத்துநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை நிலையத்தில் வாங்கி உன் கையில் கொடுப்பார். நானே ஏறி வந்திருக்கலாம். வந்தால் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். என்னால் முடியாது.

பிப்ரவரி ஏழாம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கவில்லை.

அப்பாவுக்காக நீங்கள் காத்திராதது பதினோரு மணி நேரம். ஒரு மணிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் என் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் பதினோரு நாள் இருக்கும். உறையின் மூலையில் பென்சிலால் பிரிக்க வேண்டிய தேதியைக் குறித்துவைப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பதினோரு நாளும் எனக்கு நிம்மதியாக இருக்கும். நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வாசலில் நின்று எனக்காகக் காத்திருப்பது மாதிரி.

ஜனவரிக் கடிதத்தைப் பிப்ரவரி மூன்றாம் தேதி பிரித்தேன். ஒரு கேன், ஒரு சிட்டிகை உப்பு என்றிருந்தது. பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து பாதிப் பக்கம் எழுதினேன். இன்னும் காரமான வார்த்தை கிடைக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

அடுத்ததன் மூலையில் 18 என்று குறித்தேன். பன்னிரண்டாம் தேதி மாப்பிள்ளை போன் செய்தார். வந்தேன். பார்த்தேன். பதினாறாம் தேதி திரும்பினேன். கடிதம் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது. அப்போதும் பிரிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. பதினெட்டாம் தேதி வேலைக்குக் கிளம்பும் முன் பிரித்தேன். ஐந்து கேன், உப்பில்லை என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஏழாம் தேதி பிரித்திருந்தால் ஏழாம் தேதி தெரிந்திருக்கும். நீ கேட்டது ஒரு வரி. "நிறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ." எழுதவே தேவையில்லை. போனில் நாலு நொடி. மூன்று நாள் இருந்தது. அந்த மாதிரி வருகிறவர்களை மூன்று நாளில் மீட்டிருக்கிறோம். நான் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி வழக்கம்போல வேலைக்குப் போனேன். இருநூற்றுப் பத்துக் குழாய் வந்தது. எல்லாவற்றுக்கும் சரியாக எண் எழுதினேன்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. உன் மார்ச் மாதக் கடிதமும் கிடந்தது, ஏப்ரல் மாதக் கடிதமும் கிடந்தது. கேனைப் பற்றி நீ எழுதியதை நான் பதினோரு நாள் கழித்துத்தான் படித்தேன். நிறுத்தினால் நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

உன் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. படித்துவிட்டுச் சும்மா இருந்தான் என்று வைத்துக்கொண்டாய். நான் படிக்கவே இல்லை. அதனால் என் மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது. அதை வைத்துக் கேனை மாட்டாதே. அம்மா போனது தண்ணீரால்தான். உன் கையின் தப்பு என்று நீ அதைத் தனியாகப் பிரித்து வைக்காதே. நீ கேட்டுவிட்டுச் செய்தாய்.

மாப்பிள்ளை நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். உப்பை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் அதுவும் மூளையைக் கெடுக்கும். அவசரப்படுத்தாதே. சொன்னபடி படுத்திரு.

அண்ணன்

*

ஜூன் 7
கார்டு 1

அண்ணாவுக்கு,

சுகம். இது நிஜமான சுகம். பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். பழிக்கு இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இரண்டு நாள் கை நடுங்கியது. என் எண் நூற்றுப் பதினெட்டு. இப்போது நூற்று முப்பத்தாறு. கேனை அவர் சம்மட்டியால் அடித்து நசுக்கிவிட்டார். டயர் கடை மாடி பூட்டிக் கிடக்கிறது. கொக்கிகளை மட்டும் கழற்றவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிகிறது என்றார்.

கார்டு 2

நான் உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பிப்ரவரி எட்டாம் தேதி பகலில் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "அண்ணனுக்கு எழுதினியா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "அவன் பிரிக்க மாட்டான்டி. சின்ன வயசுலயே கோவம் வந்தா தட்டுல போட்ட சோத்தைத் தொடாம ஒக்காந்திருப்பான். போன் போடு" என்றாள். போனை எடுத்தேன். கடைசி எண் மட்டும் பாக்கி. எழுது என்றுதானே சொன்னான், எழுதியாகிவிட்டது, இனி அவன் பாடு என்று வைத்துவிட்டேன். எனக்கும் ரோஷம். அம்மாவிடம் போன் போகவில்லை என்று சொன்னேன். பிறகு அடுத்த கேனை மாட்டினேன்.

கார்டு 3

இதையெல்லாம் தபால்காரர் படித்தால் படிக்கட்டும். உறை வாங்குவதை நிறுத்திவிட்டேன். இனி கார்டில்தான் எழுதுவேன். பிரிக்க வேண்டிய வேலை இல்லை. மூலையில் தேதி குறிக்கவும் இடமில்லாமல் நிரப்பிவிடுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னிக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதாதே.

தங்கை

*

ஜூன் 10
கார்டு

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கார்டும் இன்று பகல் பதினொன்றரை மணிக்கு வந்தன. பன்னிரண்டு மணிக்கு எழுதுகிறேன்.

உடம்பு: நலம் இல்லை. இடது தோள் வலிக்கிறது. உப்பு அளக்கும் இயந்திரத்திலிருந்து வேறு மேசைக்கு மாற்றச் சொல்லி லேப் தலைமையிடம் கேட்டேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை. ஜன்னல் பக்கமே தந்துவிட்டான். அம்மாவின் கண்ணாடியில் நீ சுற்றிய நூல் இன்னும் பிரியவில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லாததால் அது சுவரில் ஒட்டி நிற்காமல் ஆடுகிறது.

நீ கேட்டதற்கு: எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

என் போன் நம்பரை, அந்தக் கடைசி எண்ணோடு சேர்த்து, முழுவதும் எழுதலாம் என்று நினைத்தேன். உனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். மணி அடித்தால் எடுப்பேன்.

அண்ணன்